அலங்காரமே வாதம்: பாரிஸின் குளிர்காலச் சர்க்கஸ் கட்டடம்

பாரிஸின் குளிர்காலச் சர்க்கஸ் அரங்கம் 1852 டிசம்பர் 11 அன்று ‘நெப்போலியன் சர்க்கஸ்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. இருபது பக்கப் பலகோணக் கட்டடம். மூலைதோறும் கொரிந்தியத் தூண். மேலே சுற்றிவரும் புடைப்புச் சிற்பப் பட்டை. வாயிலில் பிரதியே வடித்த அமேசான் வீராங்கனையும், துய்ரே, போசியோ இருவரின் குதிரை வீரனும் நிற்கின்றனர். இத்தனை வண்ணமும் சிற்பமும் கூட்டத்தை இழுக்கச் செய்த ஜோடனைதான் என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் கட்டடத்தின் உயிர்ப்பொருள் கைநழுவிப்போகும்.

இதைக் கட்டிய ழாக் இக்னாஸ் இத்தோர்ஃப் 1820களில் சிசிலித் தீவின் கிரேக்க இடிபாடுகளை ஆராய்ந்தவர். கிரேக்கக் கோயில்கள் வெண்பளிங்குத் தூய்மையோடு நின்றவை அல்ல, சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசப்பட்டவை என்பது அவர் கண்ட முடிவு. ராவுல் ரொஷெத் போன்ற அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். செலினுந்தேயின் சிறுகோயில் ஒன்றை வண்ணங்களோடு மீட்டு வரைந்த அவரது பெருநூல் 1851இல் வந்தது. மறு ஆண்டே சர்க்கஸ் திறக்கப்பட்டது. ஏட்டில் எழுதிய வாதத்தையே அவர் இங்கே சுவரிலும் நிறுவினார் என்பது என் துணிபு.

அப்படியானால் அதற்குச் சர்க்கஸ் ஏன்? அவரே கட்டிமுடித்த புனித வின்சென்ட் தெ பால் தேவாலயம் விடை தருகிறது. அதன் முகமண்டபத்தில் ழொலிவே தீட்டிய எனாமல் ஓவியப் பலகைகள் 1861இல் அகற்றப்பட்டன, 2011இல்தான் திரும்பின. அங்கே எழுந்த எதிர்ப்பு, உருவங்கள் ஆடையின்றி இருந்ததைப் பற்றியது. நிறத்தை மட்டும் குறித்ததன்று. ஆனாலும் வண்ணம் சேர்ந்தபோதுதான் அவ்வுடல்கள் சதையும் குருதியுமாகத் தெரிந்தன என்பதை மறக்கலாகாது. கேளிக்கைக் கூடத்துக்கோ தேவாலயத்துக்குரிய அந்த ஒழுக்கக் காவல் இல்லை. கல்விமான்கள் ஏற்கத் தயங்கியதைப் பொதுமக்கள் நடுவே வைக்க இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திராது.

சிற்பங்களின் பொருளும் தற்செயலானதல்ல. அன்றைய சர்க்கஸ் குதிரையேற்றக் கலை. லண்டனில் குதிரையேற்ற வித்தகர் ஆஸ்ட்லி வகுத்த, சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள வட்டக்களம், பாய்ந்தோடும் குதிரையின் முதுகில் மனிதன் நிற்பதற்கென்றே அமைந்த அளவு. ஆகவே குதிரை வீரர் சிற்பங்கள் உள்ளே நடப்பதையே வெளியே அறிவித்தன. கூடவே பார்த்தெனான் கோயிலின் குதிரை ஊர்வலத்தையும் நினைவூட்டின. சந்தைவெளிக் கலைக்கு ஏதென்ஸின் மரபுரிமை கோரிய செயல் இது. நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன்.

உள்ளே கூரையைத் தாங்கத் தூண் ஒன்றுகூட இல்லை. பார்வையாளர் எவருக்கும் களம் மறையக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் அந்தத் தடையற்ற வெளியில்தான் 1859 நவம்பர் 12 அன்று ழுல் லெயோத்தார் ஊசலுக்கு ஊசல் தாவி, பறக்கும் டிரபீஸ் ஆட்டத்தை முதன்முதலாக மக்களுக்குக் காட்டினார். பார்வை மண்ணிலிருந்து மேலே போயிற்று. குதிரைக்காகத் திறந்துவிட்ட வெளி மனித உடலுக்கு வானமாயிற்று. இத்தோர்ஃபின் சிற்பங்கள் சொல்லும் சர்க்கஸ், திறந்து ஏழாண்டு நிறையுமுன்பே, அதே கூரையின் கீழ் மாறத் தொடங்கிவிட்டது.