கத்தி தீட்டும் கல்லும் அதன் பெயரில் ஒளிந்திருக்கும் நம் ஊர்ச் சொல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பு வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

பெங்களூரில் வேலை கிடைத்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கியிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, விரலில் கட்டுப் போட்ட படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "தக்காளி வழுக்கிடுச்சு டீச்சர். கத்தி தீட்ட எதை வாங்கறது? எனக்கு ஒண்ணும் தெரியாது, ரொம்ப ஈசியா இருக்கணும். போன்ல பார்த்தா நூறு வகை காட்டுது."

வழுக்கியது தக்காளி இல்லை கண்ணு, மொக்கைக் கத்தி. கூரான கத்தி தோலில் பட்டதும் இறங்கிவிடும். மழுங்கிய கத்தியை நாம் அழுத்துகிறோம். அழுத்துகிற வேகத்தில் அது விலகி விரலுக்கு வருகிறது. சமையலறைக் காயங்களில் பாதி கூர் இல்லாததால் வருகிறது என்பது என் அனுபவம்.

அவளுக்கு நான் சொன்ன பதில் ஒரே வரி: ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் கார்பரண்டம் கல் ஒன்று வாங்கு. ஏன் அது என்று சொல்ல வேண்டுமானால் சரித்திரத்துக்குள் போக வேண்டும். வகுப்பிலும் நான் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும்.

தீட்டுவது என்றால் என்ன? கடினமான பொருளால் அதைவிட மென்மையானதைத் தேய்த்து மெலிதாக்குவது, அவ்வளவுதான். புதிய கற்கால மனிதன் கற்கோடரியைப் பாறையில் தேய்த்ததும் இதே வேலைதான். நம் கிராமத்து வீடுகளில் தீட்டுமரம் என்று ஒன்று இருந்தது. ஒரு கட்டையின் மேல் வெள்ளைக்கல்லைப் பொடித்துத் தூவி, அதில் அரிவாளை முன்னும் பின்னும் இழுப்பார்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா' என்று நன்றி கெட்டவர்களைப் பார்த்துக் கேட்கிறோமே, அந்த மரம்தான் இது. பழமொழி நிலைத்துவிட்டது, மரத்தைப் பார்த்த பிள்ளைகள் இப்போது குறைவு.

அந்த வெள்ளைக்கல் குவார்ட்ஸ். 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் தந்த கடினத் தரவரிசையில் அதற்கு 7ஆம் இடம், வைரத்துக்கு 10. அம்மிக்கல், வாசற்படிக்கல் எல்லாம் கத்தியைத் தீட்டுவதற்கு அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ்தான் காரணம். உலகம் முழுக்கவும் நெடுங்காலம் இதுதான் வழி. ஐரோப்பாவில் மணற்கல்லைப் பெரிய சக்கரமாகச் செதுக்கிச் சுழற்றினார்கள். மணற்கல்லும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரம் கத்திக்கும் முள்கரண்டிக்கும் பேர் போனது. நீராவி இயந்திரம் வந்த பின் அங்கே சக்கரங்கள் மூடிய அறைகளில் நாளெல்லாம் சுழன்றன. குனிந்து தீட்டுகிறவர்களின் நுரையீரலுக்குள் கல்தூசி போனது. இன்றைய மருத்துவம் அந்த நோயை சிலிகோசிஸ் என்கிறது. அன்று 'தீட்டுவோர் ஆஸ்துமா' என்றார்கள். தண்ணீர் விடாமல் உலர்வாகத் தீட்டியவர்களின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகூட இல்லை, தண்ணீர் விட்டுத் தீட்டியவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது என்று அந்த ஊர் மருத்துவர் ஒருவர் சொன்னதை, எங்கெல்ஸ் 1845இல் வந்த தம் புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு குவளைத் தண்ணீருக்குப் பத்து வருட ஆயுள்! கல்லில் தண்ணீர் விடு என்று பெரியவர்கள் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள் பிள்ளைகளே.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். குவார்ட்ஸைவிடக் கடினமான கல் ஒன்று இந்தப் பக்கம் நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. அதன் பெயர் குருந்தம். (குருந்த மரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மோஸ் வரிசையில் 9, வைரத்துக்கு அடுத்த படி. சிறிது குரோமியம் கலந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்து நீலமானால் நீலக்கல். நிறமும் தெளிவும் இல்லாத ஏழைப் பங்காளிதான் தீட்டுவதற்கு வரும். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்துச் சித்தம்பூண்டி இந்தக் கல்லுக்குப் பெயர் பெற்ற இடம். நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று சந்திரயானுக்காக விஞ்ஞானிகள் பாறை எடுத்துப் போனதும் அதே ஊரிலிருந்துதான்.

குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து, வட்டமாக வார்த்து நம் கைவினைஞர்கள் சாணைச் சக்கரம் செய்தார்கள். வாளுக்கும் அதுதான், ரத்தினக் கல்லுக்கும் அதுதான். 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கல்லோடு பெயரும் கப்பலேறியது. 'குருந்தம்' அவர்கள் வாயில் 'கொரண்டம்' ஆனது. இன்று எந்த நாட்டு அறிவியல் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் பெயர்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். எடிசனிடம் வேலை பார்த்த எட்வர்ட் அச்செசன் என்பவருக்குச் செயற்கை வைரம் செய்ய ஆசை. 1891இல் பென்சில்வேனியாவில், ஒரு இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து, கார்பன் கம்பி வழியாகக் கடுமையான மின்சாரத்தைச் செலுத்தினார். ஆறிய பிறகு கம்பியின் நுனியில் சில மின்னும் துணுக்குகள். அவற்றைக் கண்ணாடியில் இழுத்தார், கீறியது. கார்பனும் களிமண்ணில் இருக்கும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து, இரண்டு பெயரையும் ஒட்டி 'கார்பரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, கொரண்டத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனால் தவறான பெயர் ஒட்டிக்கொண்டது, அதற்குள் நம் குருந்தமும். ஹார்டுவேர் கடையில் போய் 'கார்பரண்டம் கல் குடுங்க' என்று கேட்கிறவர், தெரியாமலே ஒரு பழந்தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டு வருகிறார்.

1893இல் காப்புரிமை. நயாகரா நீர்மின்சாரம் வந்ததும் அச்செசன் தொழிற்சாலையை அங்கே கொண்டுபோனார். முதலில் நகைக்கல் தீட்டுவோருக்குக் காரட் கணக்கில் விற்ற பொருள், சில வருடங்களில் டன் கணக்கில் வந்தது. இந்தப் பொடியைக் களிமண்ணோடு சுட்டுச் செய்த சக்கரங்கள் மணற்கல்லின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, தீட்டுகிறவர்களைக் கொன்ற குவார்ட்ஸ் தூசியும் குறைந்தது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சல் தொடங்கியது. போன பெயர் அறுபது வருடம் கழித்து வேறு கோலத்தில் வீடு திரும்பியது. அச்செசன் கனவு கண்ட செயற்கை வைரத்தை ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடம் செய்து முடித்ததும் அதே 1954இல்தான். இன்று கடைகளில் விற்கும் வைரத்தகடுகள் அதன் வாரிசு.

இப்போது மாணவியின் கேள்வி. 'ஈசி' என்று விற்பவை பெரும்பாலும் V வடிவப் பள்ளத்தில் கத்தியை இழுக்கும் கருவிகள். உள்ளே டங்ஸ்டன் கார்பைடு தகடுகள் குறுக்காக நிற்கும். அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. உடனே கூர் வரும், சீக்கிரம் போகும், கத்தியும் மாதாமாதம் இளைக்கும். நூறு ரூபாய்க் கத்திக்குப் பரவாயில்லை, நல்ல கத்திக்கு வேண்டாம். வைரத்தகடு நல்லதுதான், ஆனால் அழுத்தத் தெரியாத கை அதை ஒரு வருடத்தில் தேய்த்துவிடும். கல் பொறுமைசாலி, கற்றுக்கொள்ளும் கையைத் தாங்கும்.

கல்லில் 120, 240 என்று எண் இருக்கும். ஒரு அங்குலச் சல்லடையில் எத்தனை கண் என்ற கணக்கு அது. எண் கூடக் கூட நைசு. கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஈரத்துணி போட்டு வையுங்கள். எல்லாரும் பயப்படுவது கோணத்துக்கு. என் வழி இது: சதுரத் தாளின் ஒரு மூலை 90 பாகை. அந்த மூலையை இரண்டாக மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த ஆப்பைக் கல்லுக்கும் கத்திக்கும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். நான்காம் வகுப்புக் கணக்குதான்!

சொரசொரப்பான பக்கத்தில் ஒரு புறம் மட்டும் தேயுங்கள். மறுபுறம் விரலைக் குறுக்காகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டும். அது விளிம்பு முழுக்க வந்த பிறகே திருப்ப வேண்டும். தொடக்கக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், பிசிறு வருமுன் திருப்பிவிடுவார்கள். இரண்டு புறமும் வந்ததும் நைசுப் பக்கத்தில் லேசாகப் பத்து இழுப்பு. பிறகு தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்துப் பாருங்கள்.

பல் வைத்த ரொட்டிக் கத்தியையும் கத்திரிக்கோலையும் இந்தக் கல்லில் போடாதீர்கள். அவற்றைச் சாணைக்காரரிடம் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு இன்னும் ஒருவர் சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிறார். பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுக்கிறேன்.