பட்டாணிப் பாத்தியும் இரு தோட்டக்காரரும்

ஐரோப்பாவில் பட்டாணி நெடுங்காலம் உலர்ந்த தானியமாகவே பெரிதும் உண்ணப்பட்டு வந்தது. குளிர்காலத்தில் ஏழைகளின் கஞ்சிப் பானையை நிரப்பியது அதுவே. பச்சைக் காயை உரித்து இளமணியை உண்ணும் வழக்கம், பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனையில் ஒரு பெருமோகமாகவே பரவியது. இனிக்கும் மணி வேண்டும் என்று நாக்கு கேட்கத் தொடங்கியதும், எந்த வகையை விதைப்பது என்ற கேள்வி தோட்டக்காரர் முன் வந்து நின்றது.

அக்கேள்விக்கு முறைப்படி விடை தேடியவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு நிலக்கிழார் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பார். அவர் உள்ளத்தில் இருந்தது ஆப்பிள். ஆனால் ஆப்பிள் மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஓராண்டிலேயே பலன் தரும் பட்டாணியைக் கையில் எடுத்தார். அதில் வகைகள் பல. பூவின் அடியிதழ்கள் மகரந்தத்தையும் சூல்முடியையும் பேழைபோல் மூடிக் காப்பதால் அயல் மகரந்தம் எளிதில் புகாது. சாம்பல் நிற விதையுடைய வகையின் மகரந்தத்தை வெள்ளை வகைப் பூவில் இட்டார்; அதனால் விளைந்த செடிகள் சாம்பல் நிற விதையையே தந்தன. 1799-இல் இதனை இலண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். சுருங்கிய விதையுடைய இனிப்பு வகைகளையும் உண்டாக்கினார். எனினும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தோட்டக்காரருக்கு வேண்டியது நல்ல காய்; கணக்கு அன்று.

எண்ணியவர் புருன் நகர மடத்துத் துறவி கிரிகோர் மெண்டல். அந்நகர் அன்று ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று செக் நாட்டில் உள்ளது. ஆசிரியர் தகுதித் தேர்வில் அவர் இருமுறை தேறவில்லை என்பதை, ஆசிரியர் பயிற்சி பெற்ற நான் நினைக்கும்போதெல்லாம் தேர்வுகளின் மீது சற்று ஐயம் எழுகிறது. அது நிற்க.

மெண்டலின் பெருமையைக் கூறுவோர் அவருடைய கணக்கையே கூறுவர். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். விதை வணிகரிடம் 34 வகைப் பட்டாணி வாங்கினார். உடனே கலப்பில் இறங்கவில்லை. ஒவ்வொரு வகையும் தன்னைப் போன்ற செடியையே தருகிறதா என்று இரண்டு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்து, 22 வகைகளைத் தேர்ந்துகொண்டார். விதை தூயதன்று என்றால் பின்னர் வரும் எண்கள் அனைத்தும் பொய்யாகிவிடும் அல்லவா?

பின்பு 1856 முதல் 1863 வரை, மடத்துத் தோட்டத்தில் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சிறு நிலத்தில் உழைத்தார். மகரந்தம் முதிருமுன் மொட்டைத் திறந்து, மகரந்தத் தாள்களைக் களைந்து, வேறு வகையின் மகரந்தத்தைத் தம் கையால் தூவினார். உருண்டை விதை வகையும் சுருங்கிய விதை வகையும் கலந்தபோது கிடைத்தவை எல்லாம் உருண்டை. சுருக்கம் அழிந்ததோ? இல்லை. அவ்விதைகளிலிருந்து வளர்ந்த 253 செடிகள் 7,324 விதைகள் தந்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த பண்பு சிறிதும் கெடாமல் மீண்டது.

1865-இல் புருன் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் இதனை இரு கூட்டங்களில் படித்தார். மறு ஆண்டில் அது அச்சாயிற்று. பொருள் உணர்ந்தார் எவரும் இலர். பிறகு அவர் ஹீராசியம் என்னும் வேறொரு செடியில் முயன்றார். அது பெரும்பாலும் கருவுறாமலே விதை தரும் இயல்பினது என்பதை அன்று யாரும் அறியார். பட்டாணி காட்டிய கணக்கு அங்கே கிட்டவில்லை. 1884-இல் மெண்டல் மறைந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் அவருடைய கட்டுரையை உலகறியச் செய்தனர்.

சுருக்கத்தின் காரணம் 1990-இல் இங்கிலாந்தில் விளங்கியது. மாவுப்பொருளை உருவாக்க உதவும் ஒரு நொதிக்குரிய மரபணு அவ்வகையில் பழுதுற்றுள்ளது. அதனால் மாவு குறைகிறது, சர்க்கரை மிகுகிறது, இளமணி மிகுதியாக நீர் ஏற்று, காயும்போது சுருங்கிவிடுகிறது. நைட் சுவைத்த இனிப்பும் மெண்டல் எண்ணிய சுருக்கமும் ஒன்றே. அந்நாட்டுத் தோட்டக்காரர் இன்றும் ஈரக் குளிர் மண்ணில் அழுகாத உருண்டை விதையை முதலில் ஊன்றி, மண் சற்று வெதுவெதுப்பான பின்னரே சுருங்கிய விதையை ஊன்றுகின்றனர்.