குரல் கடிதமான கதை

எனது மேசை இழுப்பறையில் ஒரு கசெற் கிடக்கின்றது. எண்பதுகளில் செய்திக்காக நான் எடுத்த ஒரு நேர்காணல் அதில் இருக்கின்றது. முதியவர் ஒருவர் தமது ஊரைப் பற்றி இருபது நிமிடம் பேசுகின்றார். அவருடைய பெயரையோ, இடத்தையோ, திகதியையோ நான் மேலுறையில் எழுதவில்லை. நினைவில் நிற்கும் என நம்பினேன். நிற்கவில்லை. இன்று குரல் இருக்கின்றது. அது யாருடையது என்பது இல்லை.

இதனை நினைவூட்டியவர் எனது தம்பியின் மகன். மென்பொருள் எழுதுவது அவருடைய தொழில். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஒலிச் செய்திகளை அனுப்புவதற்கென ஒரு கருவியைச் செய்து, அதற்கான பயன்பாட்டுக் குறிப்பையும் எழுதியிருந்தார். "பெரியப்பா, ஒருக்கா செம்மை பார்த்துத் தாங்கோ" என்று இரண்டு பக்கங்களை நீட்டினார். வாசித்தபோதுதான் அந்த இரண்டு பக்கங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகால வரலாறு நிற்பது புலப்பட்டது.

தோமஸ் அல்வா எடிசன் போனோகிராப்பைக் கண்டுபிடித்தது 1877இல். மறு ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் அதன் எதிர்காலம் குறித்து எழுதிய அவர், பயன்களின் பட்டியலில் முதலிடத்தை இசைக்கு வழங்கவில்லை. கடிதம் எழுதுவதற்கே வழங்கினார். குரல் தபாலில் போகும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால் வெள்ளீயத் தாளில் பதிந்த ஒலி சில தடவைகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

அந்த எதிர்பார்ப்பைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது, 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பேர்லினில் அறிமுகம் செய்த கசெற். மத்திய கிழக்கிற்கு உழைக்கப் போனவர்களுக்கும், 1983இன் பின் ஐரோப்பாவிற்கும் கனடாவிற்கும் சிதறியவர்களுக்கும் ஊரிலிருந்து கசெற்றுகள் போயின. எழுத்தறியாத தாயும் அதில் மகனோடு பேசினாள். பின்னணியில் சேவல் கூவியது; கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. பேசுவது அம்மாதானா என்று எந்த மகனும் ஐயுற்றதில்லை.

கணினியில் குரல் பயணிக்க வழி செய்தவர்கள் நதானியல் போரன்ஸ்ரைனும் நெட் பிறீட்டும். அதுவரை மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கக்கூடியதாக இருந்தது. 1992 மார்ச்சில் போரன்ஸ்ரைன் தமது நால்வர் பாடற்குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து ஒரு மடல் அனுப்பினார். அதே ஆண்டு யூனில் 'மைம்' என்ற நியமம் வெளியானது. ஒலியின் ஒவ்வொரு மூன்று பைற்றும் நான்கு எழுத்துகளாக மாற்றப்படும்; ஆகவே கோப்பு மூன்றிலொரு பங்கு பருக்கும். அதனோடு, உள்ளே இருப்பது ஒலியா, படமா, எந்த வகை என்று சொல்லும் ஒரு பெயர்ச்சீட்டும் ஒட்டப்படும்.

வட்ஸ்அப்பில் குரற்செய்தி வந்தது 2013 ஓகஸ்டில். ரெலிகிராம் 2015 யூனில் தானியங்கி நிரல்களுக்குக் கதவு திறந்தது. முதலில் ஒலி அனைத்திற்கும் ஒரே கட்டளைதான். சில வாரங்களிலேயே பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று எனப் பிரித்தார்கள். பாட்டுக்குத் தலைப்பும் பாடகர் பெயரும் வேண்டும். பேச்சோ உரையாடலுக்குள் உடனே கேட்க வேண்டியது. கோப்பு ஒன்றேயாயினும் நோக்கம் வேறு என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

முகவர்கள் கருவிகளைப் பயன்படுத்துவதற்கான பொது நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 2025 மார்ச் பதிப்பில் ஒலியும் சேர்க்கப்பட்டது. அதில் ஒலி செல்வது எவ்வாறு? மூன்று பைற்றை நான்கு எழுத்தாக்கும் அதே முறையில். 1992இன் அதே பெயர்ச்சீட்டோடு!

புதியது ஒன்றுதான். இந்தக் குறிப்பை வாசிப்பது மனிதர் மட்டுமல்லர். அந்த இயந்திரமும் வாசிக்கின்றது. ஐயம் எழுந்தால் மனிதர் தொலைபேசி எடுத்துக் கேட்பார். இயந்திரம் பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு அனுப்பிவிடும். குறிப்பில் விடுபடுவது உலகத்தில் பிழையாக நடக்கும்.

மகனுடைய குறிப்பில் கோப்பின் வகை இருந்தது; அளவு இருந்தது; பெறுநர் இருந்தார். குரல் யாருடையது, பதிந்ததா அல்லது இயந்திரம் உருவாக்கியதா, உரியவர் சம்மதித்தாரா என்பவை இல்லை. சிவப்புப் பேனையால் அவற்றை எழுதினேன். "அது தொழில்நுட்ப விபரம் இல்லை, பெரியப்பா" என்றார்.

2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு ஜனாதிபதி பைடனின் போலிக் குரலில் அழைப்புகள் போனதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அடுத்த மாதமே, தானியங்கி அழைப்புகளில் ஒலிக்கும் இத்தகைய குரல்களும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'செயற்கைக் குரல்' என்பதற்குள் அடங்கும் என்றும், சம்மதமின்றி அவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்றும் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அறிவித்தது. அவர் பேசாமல் இருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தக் கசெற்றை ஓடவிட்டேன்.

"ஆர் இது?" என்றார்.

"அதைத்தான் நான் எழுதாமல் விட்டேன்" என்றேன்.

அடுத்த வாரம் திருத்திய குறிப்பு வந்தது. பேசுபவர் யார், குரல் மனிதருடையதா என்ற இரண்டு இடங்களையும் நிரப்பாமல் அக்கருவி இப்போது எதையும் அனுப்பாது. பொய்யாக நிரப்பலாம்தான். ஆயினும் வெறுமையாக விட முடியாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் பழைய கசெற்றுகள் இருக்கும். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.