தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டா?

ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைக்குச் சளி என்றால் முதலில் திறப்பது ஹோமியோபதி டப்பாவைத்தான். அந்தச் சர்க்கரை உருண்டை எப்படி வேலை செய்கிறது என்று விளக்க நடந்த முயற்சிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி வராது, கணக்கு வரும். டப்பாவில் '30 சி' என்று போட்டிருந்தால், மருந்தை நூற்றில் ஒரு பங்காகக் கரைத்துக் குலுக்குவதை 30 தடவை செய்திருக்கிறார்கள். அதாவது 1-க்குப் பின் 60 சைபர் மடங்கு! 12 தடவை தாண்டினாலே ஒரு மூலக்கூறு மிஞ்சுவது சந்தேகம். ஹானிமன் மேல் தப்பில்லை. மூலக்கூறின் அளவை லோஷ்மிட் கணக்கிட்டது 1865ல். ஹானிமன் 1843லேயே காலமாகிவிட்டார்.

மருந்தே இல்லையென்றால் எது குணப்படுத்துகிறது? தண்ணீர் 'ஞாபகம்' வைத்திருக்கிறது என்றார்கள். பிரான்சின் ழாக் பென்வெனிஸ்த், மூலக்கூறே மிஞ்சாத அளவு நீர்த்த ஆன்டிபாடியும் ரத்த வெள்ளணுக்களைத் தூண்டுவதாக 1988 ஜூனில் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆசிரியர் ஜான் மேடாக்ஸ், மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, வால்டர் ஸ்டூவர்ட் மூவரும் நேரில் இன்ஸ்பெக்‌ஷன் போனார்கள். எந்தக் குழாயில் எது என்ற ரகசியக் குறிப்பை உறையிலிட்டு மேற்கூரையில் ஒட்டினார்கள். விளைவு மாயம்! கட்டுரையாசிரியர்களில் இருவருக்குச் சம்பளம் ஒரு ஹோமியோபதி கம்பெனியிலிருந்து என்பதும் வெளிவந்தது. பென்வெனிஸ்த் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, 2004ல் இறந்தார். தண்ணீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளோ ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் கலைந்து மாறிவிடும். அதில் எங்கே ஞாபகம் தங்குவது?

2010ல் நம் ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் வேறு வழியில் வந்தார்கள். தங்கம், தாமிரம் போன்ற உலோக மருந்துகளின் 30, 200 வீரியத்திலும் நானோ துகள்கள் இருப்பதாக எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டார்கள். குலுக்கும்போது குமிழிகள் துகள்களை மேலே தூக்கிவர, அந்த மேல்பகுதியே அடுத்த கரைசலுக்குப் போகிறது என்பது அவர்கள் விளக்கம். சுவாரசியம்தான். ஆனால் துகள் இருப்பது வேறு, அது நோயைத் தீர்ப்பது வேறு. தாவர மருந்துகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை.

ஆடிட்டில் முதலில் பணம் உண்மையில் வந்ததா என்று பார்ப்போம். எப்படி வந்தது என்பது அப்புறம். இங்கே முதல் கேள்விக்கே பதில் தேறவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015ல் அறிவித்தது.

சளி தானாகவே போய்விடும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் குறையாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உருண்டையை நம்பி உட்காராமல் டாக்டரிடம் ஓடுங்கள்.