கால்பந்து அணியின் எதிர்பாராத நாயகர்கள்: சீசன் தொடங்கும் முன்பே அடையாளம் காண்பது எப்படி?

2022-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி, கோவா மாநிலம் ஃபதோர்தா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரின் இறுதிப் போட்டி நடைபெற்றது. கேரளா பிளாஸ்டர்ஸ் 1-0 என முன்னிலை வகிக்க, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே எஞ்சியிருந்தன. அப்போது, ஹைதராபாத் எஃப்சி அணிக்காக மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியிருந்த நடுக்கள வீரர் சாஹில் தவோரா, தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. பெனால்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். ஹைதராபாத் 3-1 என வென்று முதல்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

அந்த சீசனில் ஹைதராபாத் அணியின் நட்சத்திரம் பார்த்தலோமியூ ஓக்பெச்சே. 18 கோல்களுடன் தொடரின் அதிக கோல் அடித்தவர் என்ற விருதை வென்றவர் அவரே. ஆனால், கோப்பையைத் தீர்மானித்த இரவில் அணியைக் காப்பாற்றியவர்கள் வேறு இருவர்.

இத்தகைய ஆட்டக்காரர்களை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு சீசனின் தொடக்கத்திலும் எழுகிறது. குறிப்பிட்ட ஒரு கோலை யாராலும் கணிக்க இயலாது. ஆனால், எந்த வீரருக்கு வாய்ப்பின் கதவு திறக்கப் போகிறது என்பதைப் பெருமளவு கணிக்க முடியும். அதற்கான அடையாளங்கள் பெரும்பாலும் அனைவரின் கண்முன்னேயே இருக்கின்றன.

எதிர்பாராத பங்களிப்பாளர் என்பவர் யார்?

சீசன் தொடங்கும்போது ரசிகர்களும் விமர்சகர்களும் அணியின் முதல் வரிசையில் வைத்துப் பேசாத வீரர், சீசன் முடியும்போது தவிர்க்க முடியாதவராக மாறியிருந்தால் அவரே எதிர்பாராத பங்களிப்பாளர். அவர் கோல் அடிப்பவராக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்கும் நடுக்கள வீரராகவோ, காயமடைந்த மூத்த வீரரின் இடத்தை நிரப்பும் தடுப்பாட்டக்காரராகவோ, கடைசி அரைமணி நேரத்தில் ஆட்டத்தின் போக்கை மாற்றும் மாற்று ஆட்டக்காரராகவோ இருக்கலாம்.

இவர்களில் பெரும்பாலோரிடம் திறமை திடீரெனத் தோன்றுவதில்லை. ஏற்கெனவே இருந்த திறமைக்குக் களத்தில் நேரம் கிடைக்கிறது. எனவே, கணிப்பின் முதல் படி திறமையைத் தேடுவதன்று, நேரத்தைத் தேடுவதே.

காலியாகும் நிமிடங்கள்

2024-25 ஐஎஸ்எல் தொடரில் 13 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் 24 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தில் 11 பேர் 90 நிமிடங்கள் ஆடுகின்றனர் எனில், ஓர் அணி நிரப்ப வேண்டிய மொத்த நேரம் 23,760 நிமிடங்கள். ஒரு வீரர் அனைத்து ஆட்டங்களிலும் முழுமையாக ஆடினால் அவர் பங்கு 2,160 நிமிடங்கள் மட்டுமே.

முந்தைய சீசனில் அதிக நேரம் ஆடியவர்களில் யார் அணியை விட்டு விலகினர், யார் நீண்டகாலக் காயத்தில் உள்ளனர், அவர்களின் இடத்துக்குப் புதிய வீரர் வாங்கப்பட்டாரா என்பதைப் பட்டியலிட்டாலே காலியான இடங்கள் தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு மிக அருகில் நிற்கும் இளம் வீரரே முதல் வேட்பாளர்.

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015-ஆம் ஆண்டு கோடையில் அந்த அணியின் அனுபவமிக்க நடுக்கள வீரர் எஸ்தபான் காம்பியாசோ விலகினார். பிரான்ஸின் கான் அணியிலிருந்து இங்கொலோ கான்டே வாங்கப்பட்டார். இங்கிலாந்தில் பலருக்கும் அறிமுகமில்லாத கான்டே, 2015-16 பிரீமியர் லீக்கில் எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதிலும் இடைமறிப்பதிலும் முதலிடம் பிடித்தார். முந்தைய சீசனில் 14-ஆம் இடம் பெற்ற லெஸ்டர், 81 புள்ளிகளுடன் சாம்பியன் ஆனது.

விதி மாற்றங்களும் நிமிடங்களை உருவாக்குகின்றன. ஐஎஸ்எல் தொடரில் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் ஆறாக இருந்தது. 2017-18 சீசனில் ஐந்தாகவும், 2021-22 சீசனில் நான்காகவும் அது குறைக்கப்பட்டது. ஒவ்வொரு குறைப்பும் ஓர் இந்திய வீரருக்கு நிரந்தர இடத்தைத் திறந்தது. அதேபோல, கொரோனா காலத்தில் தற்காலிகமாக அறிமுகமான ஐந்து மாற்று ஆட்டக்காரர் முறை 2022-இல் கால்பந்து விதிகளில் நிரந்தரமாக இடம்பெற்றது. இதனால் ஓர் ஆட்டத்தில் 16 பேர் வரை பங்களிக்க முடிகிறது. மாற்று வீரர்களின் இருக்கையையும் கணக்கில் எடுக்காத கணிப்பு இன்று முழுமை பெறாது.

மொத்த கோல்களா, விகிதமா?

இரண்டாவது அடையாளம் எண்களில் உள்ளது. ஒரு வீரர் கடந்த சீசனில் ஆறு கோல்கள் அடித்தார் என்பது பாதித் தகவலே. அவற்றை எத்தனை நிமிடங்களில் அடித்தார் என்பதே முக்கியம். 2,160 நிமிடங்களில் ஆறு கோல்கள் எனில், 90 நிமிடங்களுக்கு 0.25 கோல். அதே ஆறு கோல்களை 1,350 நிமிடங்களில் அடித்திருந்தால் விகிதம் 0.40. இரண்டாமவருக்குக் கூடுதல் நேரம் கிடைத்தால் அவரே அணியின் முதன்மை கோல் வீரராகலாம்.

'எதிர்பார்க்கப்படும் கோல்' என்ற அளவீடும் இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு உதையும் எந்த இடத்திலிருந்து, எந்தச் சூழலில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, அது கோலாவதற்கான வாய்ப்பைக் கணக்கிடும் முறை இது. ஒரு பெனால்டியின் மதிப்பு முக்கால் கோலுக்குச் சற்று அதிகம்; பெட்டிக்கு வெளியே வெகுதொலைவிலிருந்து அடிக்கப்படும் உதையின் மதிப்பு மிகக் குறைவு. நல்ல இடங்களுக்குத் தொடர்ந்து சென்று, பல வாய்ப்புகளைப் பெற்றும் குறைவாகவே கோல் அடித்த வீரர், அடுத்த சீசனில் உயர வாய்ப்புண்டு. குறைந்த வாய்ப்புகளில் அதிக கோல் அடித்தவர் அதே வேகத்தைத் தக்கவைப்பது கடினம்.

கீழ்நிலை லீக்குகளும் முன்னோட்டத் தொடர்களும்

மூன்றாவது அடையாளம், வெளிச்சம் குறைந்த மைதானங்களில் கிடைக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் அணியான இந்தியன் ஆரோஸ், ஐ-லீக் தொடரில் பெரும்பாலும் புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தது. ஆனால், தோற்றுக்கொண்டிருந்த அந்த அணியின் இளைஞர்கள் வாரந்தோறும் மூத்த வீரர்களுக்கு எதிராக ஆடிப் பழகினர். அங்கிருந்து 2020-இல் ஹைதராபாத் வந்த ஆகாஷ் மிஸ்ரா, இடது பின்களத்தில் உடனடியாக நிலையான இடம் பிடித்தார். அடுத்த மார்ச் மாதத்திலேயே ஓமன் அணிக்கு எதிராக இந்திய சீனியர் அணியில் அறிமுகமானார்.

கோவையைத் தன் மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றதும் இதே பாதையில்தான். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிவந்த பெட்ரோ மான்சி, அந்த சீசனில் 21 கோல்கள் அடித்தார். பட்டத்தை முடிவுசெய்த கடைசி நாளில், மினர்வா பஞ்சாப் அணிக்கு எதிராக ஆரம்பத்திலேயே பின்தங்கிய சென்னை சிட்டி, 3-1 என வென்றது. அதில் ஒரு கோல் மான்சியுடையது. மற்ற இரண்டையும் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியது.

சீசனுக்கு முந்தைய தொடர்களும் கவனிக்கத்தக்கவை. 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நடந்த டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில், மோகன் பகானுக்கு எதிராக 0-2 எனப் பின்தங்கிய நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியின் மீட்சியைத் தொடங்கிவைத்த கோலை மொராக்கோ வீரர் அலாதீன் அஜராய் அடித்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் நார்த்ஈஸ்ட் கோப்பையை வென்றது. இரண்டு வாரங்களில் தொடங்கிய ஐஎஸ்எல் தொடரில் அஜராய் 23 கோல்கள் அடித்து, ஒரு சீசனில் 18 கோல்கள் என்றிருந்த பழைய சாதனையை முறியடித்தார். டூரண்ட் கோப்பையை வெறும் பயிற்சிப் போட்டியாகக் கருதியவர்களுக்கே அது வியப்பாக இருந்தது.

பயிற்சியாளரின் பார்வை

அதே வீரர், அதே அணி. பயிற்சியாளர் மட்டும் மாறுகிறார். மும்பை சிட்டி எஃப்சி அணியின் பிபின் சிங்குக்கு இதுவே நேர்ந்தது. 2020-இல் செர்ஜியோ லொபேரா பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின், பக்கவாட்டில் ஆடும் பிபின் அந்த சீசனில் ஒடிசா அணிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். இறுதிப் போட்டியில் 90-ஆவது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்ததும் அவரே.

ஹைதராபாத் அணியின் கதையும் இதனுடன் இணைந்ததே. 2019-20 சீசனில் 18 ஆட்டங்களில் 10 புள்ளிகள் மட்டுமே பெற்று அந்த அணி கடைசி இடத்தில் இருந்தது. அதன் பின்னர் வந்த பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ், ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய், லிஸ்டன் கொலாசோ போன்ற இளைஞர்களை நம்பிக் களமிறக்கினார். இரண்டு சீசன்களில் அணி கடைசி இடத்திலிருந்து கோப்பைக்கு உயர்ந்தது. புதிய பயிற்சியாளர் முந்தைய அணிகளில் இளம் வீரர்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்பதை ஆராய்வது, வீரர்களின் புள்ளிவிவரங்களை ஆராய்வதற்கு நிகரான பலனைத் தரும்.

கணிப்பு தவறும் இடங்கள்

இந்த அடையாளங்கள் வாய்ப்பைக் கூட்டுகின்றன; உறுதி அளிப்பதில்லை. மிகப் பொதுவான பிழை, சிறிய மாதிரியை நம்புவது. 200 நிமிடங்களில் மூன்று கோல்கள் அடித்தவரின் விகிதம் 90 நிமிடங்களுக்கு 1.35. உலகின் தலைசிறந்த வீரர்களே ஒரு முழு சீசனில் அரிதாகத் தொடும் எண் அது. குறைந்தது ஏறத்தாழ 900 நிமிடங்களாவது ஆடிய பின்னரே விகிதத்துக்குப் பொருள் கிடைக்கும்.

வயதை மட்டும் பார்ப்பது மற்றொரு பிழை. 21 முதல் 24 வயதுக்குள், அணியில் இரண்டாவது சீசனில் நுழையும் வீரர்கள் பொதுவாக நல்ல தேர்வுகளே. ஆனால், லெஸ்டரின் ஜேமி வார்டி 25 வயதுவரை இங்கிலாந்தின் தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே ஆடியவர். 2014-15 பிரீமியர் லீக்கில் ஐந்து கோல்கள் மட்டுமே அடித்த அவர், அடுத்த சீசனில் 24 கோல்கள் அடித்தார். தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்து சாதனையும் படைத்தார்.

இந்திய கால்பந்துக்கு இது ஏன் முக்கியம்?

வெளிநாடுகளில் இது கிளப்புகளின் வரவு செலவு சார்ந்த கேள்வி. இந்தியாவில் இது தேசிய அணியின் எதிர்காலம் சார்ந்தது. ஐஎஸ்எல் அணிகள் பலவும் முன்கள மையத்தில் வெளிநாட்டு வீரர்களையே நிறுத்துகின்றன. விதிமுறை மாற்றங்களால் இந்தியர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தபோதும், அந்த இடங்கள் பெரும்பாலும் பின்களத்திலும் பக்கவாட்டிலுமே கிடைத்தன. கோல் அடிக்க வேண்டிய இடத்தில் இந்திய இளைஞருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு.

இதன் விளைவு வெளிப்படையாகவே தெரிந்தது. 2024 ஜூன் மாதம் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரி, 2024-25 ஐஎஸ்எல் சீசனில் தமது 40-ஆவது வயதில் 14 கோல்கள் அடித்தார். இந்திய வீரர்களில் அவரை மிஞ்ச எவரும் இல்லை. 2025 மார்ச் மாதம் தேசிய அணிக்கு அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். அது சேத்ரியின் பெருமை. அதே நேரத்தில், அவருக்குப் பின் ஒருவரை உருவாக்கத் தவறிய அமைப்பின் குறையும்கூட. அந்த ஆண்டு இறுதிக்குள், 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது.

ஆகவே, ஒரு சீசனின் தொடக்கத்தில் அணிப் பட்டியலை வாசிக்கும்போது, நட்சத்திரங்களின் பெயர்களைக் கடந்து கீழே செல்வது பயனளிக்கும். காலியான இடம், 90 நிமிட விகிதம், கீழ்நிலை அனுபவம், பயிற்சியாளரின் இயல்பு ஆகிய நான்கும் ஒரு பெயரில் ஒன்றுசேர்ந்தால், அவரே கவனிக்கப்பட வேண்டியவர். அத்தகைய பெயர்கள் ஏறக்குறைய ஒவ்வோர் அணியிலும் ஓரிரண்டு இருக்கக்கூடும். அவர்களுக்கு எத்தனை நிமிடங்கள் வழங்கப்படுகின்றன என்பதே மீதிக் கதையைத் தீர்மானிக்கிறது.