தேநீர்க்கடையும் இருவகைத் தூய்மையும்

உணவு விற்போனை அரசு கண்காணித்தல் வேண்டும் என்னும் கருத்து மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுமையன்று. தானியம், எண்ணெய், உப்பு, மருந்துச் சரக்கு ஆகியவற்றில் மட்டமானதைக் கலந்து விற்போனுக்குக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் 12 பணம் தண்டம் விதிக்கின்றது. ஆயின் அங்குத் தண்டிக்கப்படுவது ஏமாற்று. நோய் அங்கே பேசப்படவில்லை. சமையலறைக்குள் நுழைந்து, கையையும் கலத்தையும் கிணற்றையும் சோதிக்கும் அலுவலர் பிற்காலத்தவர்.

இலண்டனில் ஆதர் ஹில் ஹாசல் என்னும் மருத்துவர் 1851 முதல் 1854 வரை கடைச் சரக்குகளை நுண்காட்டியின்கீழ் வைத்து ஆராய்ந்து, கலப்படஞ் செய்த வணிகரின் பெயரையும் முகவரியையும் லான்செற் ஏட்டில் அச்சிட்டு வந்தார். 1860, 1875 ஆம் ஆண்டுகளின் ஆங்கிலச் சட்டங்களுக்கு அம்முயற்சியே வழி கோலிற்று. எனினும் அவையும் பெரும்பாலும் கலப்படம் பற்றியனவே. 1880 இல் நெருப்புக்காய்ச்சற் கிருமியை ஏபேர்த் கண்டதும், 1884 இல் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை நீரில் வைத்துக் கொக் நிறுவியதும் நோக்கை மாற்றின. நியூயோர்க்கில் மேரி மலன் என்னும் சமையற்காரி, தான் நோயுறாமலே சமைத்த வீடுகள் தோறும் நெருப்புக்காய்ச்சலைப் பரப்பியமை 1907 இல் வெளியாயிற்று. காவலில் வைக்கப்பட்டு 1910 இல் விடுவிக்கப்பெற்ற அவள், வேறு பெயரில் மீண்டும் அகப்பை பிடித்தாள். 1915 இல் அகப்பட்டு, 1938 இல் இறக்கும்வரை தனித்து வைக்கப்பட்டாள். பார்வைக்குத் தூய்மையான கையும் நோய் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கையில் கெட்ட உணவை விற்றலை 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கிற்று. தொற்றுநோய்த் தடுப்புக்கு 1897 இல் தனிக் கட்டளைச்சட்டம் பிறந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தாரின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916 இல் தொடங்கியது. 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி அமைந்தபின், சுகாதாரப் பரிசோதகர் ஊரார் அறிந்த மனிதரானார். 1949 ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் அவர் கையை வலுப்படுத்திற்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வலுவலர்க்கு வாய்த்த வேலை பிறவிடங்களினும் கடினமானது. ஆறில்லாத நாடு இது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்க, அதனையே கிணற்றில் மொண்டு குடிக்கின்றோம். மலக்குழியின் ஊற்றும் அதே வெடிப்புகளின் வழியே இறங்குகின்றது. நெருப்புக்காய்ச்சல் இம்மாவட்டத்தில் வேரூன்றியமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். ஆதலின் தேநீர்க்கடையில் முதலிற் பார்க்க வேண்டியது கண்ணாடி அலுமாரியிலுள்ள வடையையன்று. கிளாசு கழுவும் வாளியையும், அவ்வாளி நிரம்பும் கிணற்றையுமே. வெந்நீரில் இட்ட தேயிலை பெரும்பாலும் தீங்கற்றது. அதனை ஏந்திய கிளாசு, காலைமுதல் மாற்றாத தண்ணீரில் தோய்ந்ததாயின் பயன் என்ன?

இனி, இக்கடைகளில் வேறொரு தூய்மையும் ஆட்சி செலுத்திற்று. தாழ்த்தப்பட்டோர் உள்ளே வந்து வாங்கிலில் அமரலாகாது; வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ தேநீர் பெறல் வேண்டும். இதனைத் ‘துப்புரவு’ என்று கூசாது சொன்னோரும் உளர். சுகாதார நூலின் உரைகல்லில் இவ்வழக்கத்தைத் தேய்த்துப் பார்ப்போம். ஒடுங்கிய கழுத்துடைய போத்தலின் உட்புறத்தைக் கை தொட்டுக் கழுவ முடியாது. துருவேறிய பேணியின் மடிப்பில் அழுக்குத் தங்கும். சிரட்டையின் நார் ஈரத்தை விடாது. வாய் அகன்ற கிளாசே கழுவுதற்கு எளிது. எனவே ஆசாரத்தின் பெயரால் விதிக்கப்பட்ட கலமே சுகாதாரத்திற்கு மிகவும் மாறானது. மேரி மலனின் கையைப் பற்றிய அறிவு பரவி அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், இங்கே கிளாசை யார் தொட்டார் என்பதே வினாவாயிருந்தது. அது எந்நீரிற் கழுவப்பட்டது என்பதன்று. பரிசோதகரின் விதிகளோ வடிகாலையும் ஈயையும் கூரையையும் பற்றிப் பேசின. வாசலில் நிறுத்தப்பட்ட மனிதனைப் பற்றிப் பேசவில்லை.

அதனைப் பேசவந்தது 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். கடை, உணவுச்சாலை முதலிய பொதுவிடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் அதனாற் குற்றமாயிற்று. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் நெடுநாள் முயற்சிக்குக் கிடைத்த பேறு இது. அதே ஆண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவகப் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அங்குப் பலகை, இங்குப் பேணி.

சட்டம் ஏட்டில் ஏறியதும் பேணி மறைந்துவிடவில்லை. முறைப்பாடு செய்வோன் மறுநாள் அதே முதலாளியின் தோட்டத்திற் கூலிக்கு நிற்க வேண்டியவன். அவன் நாவு எழுவது எளிதோ? 1966 ஒற்றோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின்பின் போராட்டம் முறுகிற்று. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. சங்கானை நிச்சாமத்திலும், மட்டுவிலிலும், நம் கரவெட்டியைச் சேர்ந்த கன்பொல்லையிலும் தேநீர்க்கடைக்குள்ளும் கோவிலுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக மக்கள் திரண்டனர். குடாநாட்டில் உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. ஒரு கிளாசு தேநீருக்கு இத்துணை விலையா என்று இன்றைய மாணவர் வியக்கலாம், கிளாசுக்கன்று அவ்விலை. 1971 இல் திருத்தச் சட்டம் தண்டனையை மிகுத்தது.

சுகாதாரத் துறையின் வரலாறு இதற்கு இணையாகத் தனிவழியே சென்றது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வந்தது. அதன்கீழ் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள் 2011 ஆம் ஆண்டுக்குரியனவாக வெளிவந்தன. இன்று கரவெட்டிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நெல்லியடிக் கடைகளைப் பார்வையிடும்போது, நீரின் தன்மையையும், பணியாளரின் மருத்துவச் சான்றிதழையும், கலங் கழுவும் முறையையும், சமைத்த உணவை மூடி வைத்தலையும் நோக்குகின்றார். குறைகண்டால் வழக்குப் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றுக்குச் செல்லும். ஆண்டுதோறும் வணிக உரிமம் வழங்குவது பிரதேச சபை. 1957 ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்படாது நிற்கின்றது. ஆயின் அதன்கீழ் வரும் முறைப்பாட்டை ஏற்பவர் பரிசோதகரல்லர், பொலிசாரே.