மணி, மந்திரம், ஔடதம்: புத்தளக் கரையில் வித்தைகளின் கூட்டு

மாந்திரிகம் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் மந்திரம் பலிக்குமா, பலியாதா என்ற வினாவோடு தொடங்கி, அவ்வினாவோடேயே நின்றுவிடுகின்றன. வரலாற்று மாணவனுக்கு அதனினும் பயன்தரும் வினா வேறொன்றுண்டு. மந்திரம், மருத்துவம், சோதிடம் முதலிய வித்தைகளை ஒருவரே கைக்கொண்டபோது அவற்றை எவ்வாறு இணைத்தார்? ஒன்று மற்றொன்றுக்குத் துணையாயிற்றா, அன்றி இடையூறாயிற்றா? இதனை ஆராய்வதற்கு மதுரங்குளியைச் சூழ்ந்த புத்தளக் கரை மிகப் பொருத்தமான நிலமாகும்.

மதுரங்குளி, கொழும்பு–புத்தளம் பெருந்தெருவில் பாலாவிக்கும் முந்தலுக்கும் இடையே அமைந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களும், சைவரும், கத்தோலிக்கரும், சிங்கள பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. தெற்கே உடப்பில் திரௌபதையம்மன் கோயிலின் தீமிதிப்பு. அதற்கும் தெற்கே முன்னேஸ்வரம். வடமேற்கே தலவிலில் புனித அன்னம்மாள் ஆலயம். இக்கலப்பு நேற்று வந்ததன்று. 1344ஆம் ஆண்டிற் புத்தளத்தை அடைந்த இபின் பதூதாவை ஆரியச்சக்கரவர்த்தி வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்ல வழித்துணையும் கொடுத்தனுப்பினான். அத்துணைவருள் நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் இருந்தனர் என்று அப்பயணி எழுதியுள்ளார். மொரோக்கோ நாட்டு முஸ்லிம் நீதிமான் ஒருவர் யோகியரோடும் அந்தணரோடும் சிலாபம் நோக்கிச் சென்ற அக்கரைவழி, இன்றைய மதுரங்குளிக்கு அணித்தாகவே அமைந்திருத்தல் வேண்டும்.

வித்தைகளின் கூட்டினைக் குறிக்கத் தமிழிற் பழந்தொடர் ஒன்றுண்டு: மணி, மந்திரம், ஔடதம். அகத்தியர் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் மருத்துவமும் மாந்திரிகமும் சோதிடமும் ஒருசேர இடம்பெறுகின்றன. யாழ்ப்பாண அரசரின் ஆதரவில் எழுந்த நூல்களிலும் செகராசசேகரம் மருத்துவத்தையும், செகராசசேகரமாலை சோதிடத்தையும் கூறும். புரவலர் மரபு ஒன்றே, நூல்கள் வேறு. துறைகள் உறவுடையன எனினும் ஒன்றல்ல என்ற தெளிவு அக்காலத்தார்க்கு இருந்தது.

மூன்றும் ஒருங்கே தொழிற்பட்ட இடத்தை விஷகடி வைத்தியத்திற் காணலாம். பாம்பு தீண்டிய செய்தியை ஒருவன் ஓடிவந்து கூறுவான். அவன் நின்ற திசை, பேசிய முதற்சொல், வந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு பரிகாரி குறி பார்ப்பார். அது தூதுக்குறி, சோதிடத்தின் பங்கு. பின்னர் கடிவாய்க்கு மேலே கட்டு, பார்வை பார்த்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல். முஸ்லிம் பரிகாரி இறைவசனம் ஓதுவார். சைவர் உருவேற்றிய மந்திரத்தைச் செபிப்பார். அடுத்து விஷக்கல், இறுதியிற் பச்சிலையும் குளிகையும். இவ்வொழுங்கில் ஒவ்வொரு வித்தைக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கப்பட்டிருத்தல் கவனித்தற்குரியது. நோயாளியைக் காணுமுன் குறி, கண்டதும் மந்திரம், அச்சம் சற்றுத் தணிந்தபின் மருந்து. ஒன்றன் வேலையை மற்றொன்று பறிக்கவில்லை. கூட்டின் திறமை அறிந்த வித்தைகளின் தொகையில் அன்று, இவ்வடைவிலேயே தங்கியிருந்தது.

ஆயினும் இக்கூட்டிற்கு விலையும் உண்டு. சுசுருத சங்கிதையின் கற்பத்தானம் இதனை ஒளிவின்றிக் கூறுகின்றது. மந்திரம் பயில்வோன் பெண்ணையும் புலாலையும் மதுவையும் நீக்கி விரதம் காத்தல் வேண்டும். ஒலியிலோ எழுத்திலோ பிழை நேர்ந்தால் மந்திரம் பயன் தராது. ஆதலின் மருந்து முறையையும் கைக்கொள்ளல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. மந்திரத்தை உயர்த்திப் பேசும் நூலே அதனை நம்பியிருக்க வேண்டாம் எனவும் எச்சரிப்பது வியப்பானது. மந்திரக்காரர் துடக்கு வீட்டுக்குப் போகலாகாது. வைத்தியரோ பிள்ளைப்பேறு வீடென்றும் சாவீடென்றும் பாராது அழைத்த இடமெல்லாம் போக வேண்டியவர். ஒருவரே இருவராகும்போது ஒரு நியமம் மற்றொன்றைக் குலைக்கும்.

இச்சிக்கலை இன்றைய மாணவர் பலர் வேறொரு வழியில் அறிவர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்கும் ஆட்டமும், அதன் வழிவந்த 'பல்டூர்ஸ் கேட்' (1998) போன்ற கணினி விளையாட்டுக்களும் மந்திரவாதிக்கு இத்தகைய விதிகளையே வகுத்தன. 1978ஆம் ஆண்டு விதிநூலின்படி இரு தொழில்களை ஒருங்கே மேற்கொண்டவனின் அனுபவப் புள்ளிகள் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். வெறும் மந்திரவாதி கவசம் அணியலாகாது என்ற தடை, நம்மவரின் துடக்கு விலக்கை நினைவூட்டுவது. 2000ஆம் ஆண்டு விதிகள் கணக்கை இன்னும் கடுமையாக்கின. பத்துப் படிகளையும் ஒரே மந்திரத்துறையிற் செலவிட்டவன் ஐந்தாம் நிலை மந்திரங்களை எட்டுவான். ஐந்தைந்தாகப் பிரித்து இரு மந்திரத்துறைகளைக் கற்றவன் இரண்டிலும் மூன்றாம் நிலையைத் தாண்டமாட்டான். எனவே தேர்ந்த ஆட்டக்காரர் ஒன்றை அடித்தளமாக்கி, அதன் குறையை நிரப்பும் அளவுக்கே மற்றொன்றைச் சேர்ப்பர். வைத்தியத்தை வேராகவும் மந்திரத்தைத் துணையாகவும் கொண்ட பரிகாரியின் வழியும் இதுவே.

சரி, மந்திரங்களுள்ளேயே கலப்பு நேர்ந்தால்? இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவரான மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா, 1968ஆம் ஆண்டு மாலினோவ்ஸ்கி நினைவுரையில், சிங்களப் பேயோட்டுச் சடங்குகளின் மொழியை ஆராய்ந்தார். அம்மந்திரங்களிற் சிங்களத்தோடு தமிழ், மலையாளம், தெலுங்கு, வடமொழிச் சொற்களும் விரவியிருப்பது முன்பே அறியப்பட்டது. அதனைப் பொருளற்ற பிதற்றல் என்று தள்ளுவது எளிது. தம்பையா அதில் ஒரு படிநிலையைக் கண்டார். புத்தரைப் போற்றப் பாளி. தெய்வங்களை வேண்டவும் கதை கூறவும் சிங்களம். பேய்களை ஏவவும் அடக்கவும் அந்தக் கலவைமொழி. பேய்க்குரிய மொழி மனிதருக்கு விளங்க வேண்டியதில்லை அல்லவா! மலாயாவிலும் இத்தகைய அடுக்கு இருந்தமையை வின்ஸ்டெட் 1925இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அறிவிக்கும்: சாமன், சைவன், சூபி என்ற மூன்று பெயர்களை அவர் அதற்கு இட்டார்.

முன்னேஸ்வரத்திற் காணப்படுவது மற்றொரு தீர்வு. அங்கே வித்தைகள் ஒருவரிடம் கூடவில்லை, ஓரிடத்திற் கூடின. சிவன் கோயிலில் அந்தணர் ஆகமவழிப் பூசை செய்வர். பகையை முறையிடுவோர் அணித்தேயுள்ள காளி கோயிலுக்குச் சென்று, தேங்காய் உடைத்துச் சாபமிடுவர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தையும், சீனிகமத் தேவாலயத்தையும், கம்பளைக்கு அண்மையிலுள்ள முஸ்லிம் தலம் ஒன்றையும் ஒருங்கே நோக்கியது. அடியார் தம் தேவைக்கேற்பச் சமய எல்லைகளைக் கடந்து சென்றனர். பூசகர் தம் நியமத்தைக் காத்துக்கொண்டார். கலப்பை மேற்கொண்டவர் அடியாரே. ஒருவன் எல்லாம் கற்பதினும், ஒவ்வொன்றிலும் தேர்ந்தவர் பலர் அருகருகே இருப்பது இலகுவானது என்பதை இக்கரை எப்போதோ உணர்ந்திருந்தது எனலாம்.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யுனானி ஆகியவற்றையும் உள்ளடக்கிச் சுதேச வைத்தியரைப் பதிவு செய்ய வழிவகுத்தது. முன்பு ஒன்றாயிருந்த மூன்றனுள் ஔடதம் மட்டும் அரசின் ஏட்டில் ஏறிற்று. விஷகடியைப் பொறுத்தவரை அதனினும் பெரிய மாற்றம் விஷமுறிவு ஊசியால் நேர்ந்தது. பழைய அடைவில் மருந்து இறுதியில் வந்தது. ஊசியோ முதலில் வரவேண்டியது. நேரம் தாழ்ந்தால் நாகத்தின் நஞ்சு மூச்சை அடக்கும்; புடையனின் நஞ்சு குருதி உறைதலைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். விஷக்கல்லையும் இறுகக் கட்டுதலையும் உலக சுகாதார நிறுவனம் விலக்குகின்றது. ஆதலின் கூட்டைத் தாங்கிய அதே நேர ஒழுங்கே பின்னர் அதற்கு ஆபத்தாயிற்று.

அப்படியாயின் பரிகாரியின் புகழ் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது எங்ஙனம்? 2012–13இல் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட வீட்டுக்கணிப்பு இதற்கு ஒரு விடை தருகின்றது. ஓராண்டிற் பாம்புக்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 80,000 பேர்; அவர்களுள் நஞ்சேறியவர் ஏறத்தாழ 30,000 பேர்; மாண்டவர் ஏறத்தாழ 460 பேர் என அது மதிப்பிட்டது. கடியுண்ட எட்டுப் பேரில் ஐவருக்கு நஞ்சே ஏறவில்லை. அவ்வைவரும் எந்தப் பரிகாரியிடம் சென்றிருந்தாலும் எழுந்து நடந்தே வீடு திரும்பியிருப்பர். ஊராரும் அவர் ஓதிய மந்திரத்தையே பேசியிருப்பர்.